சின்ன பாலிப்பை எடுப்பது: ஹாட் பயாப்ஸியா, கோல்ட் ஸ்நேரா?

எண்டோ_மன்னை
9 ஜூன் 2025, இரவு 9.12

எங்கள் மையத்தில் 5 மி.மீ.க்கு உட்பட்ட பாலிப் (பெருங்குடல் உட்சுவரில் வளரும் மொட்டு) எது வந்தாலும் ஹாட் பயாப்ஸி ஃபோர்செப்ஸ்தான் (கரண்ட் ஓடும் கவ்வி). பிடி, லேசாக இழு, அடி வெளுக்கும்வரை கரண்ட் கொடு, பிடுங்கு. ரத்தம் வராது, செலவும் கம்மி. புதிதாக வந்திருக்கிற டாக்டர் ‘இனி கோல்ட் ஸ்நேர் மட்டும்’ என்கிறார். கரண்டே இல்லாமல் வெறும் கம்பிச் சுருக்கால் அறுத்தால் ரத்தம் கொட்டாதா? 3 மி.மீ. பாலிப்புக்கெல்லாம் ஸ்நேர் எதற்கு? பக்கத்தில் நின்று உதவுகிற டெக்னீஷியன் நான். கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

தஞ்சை_குடல்
9 ஜூன், இரவு 10.40

உங்கள் புது டாக்டர் சொல்வது சரி.

ஹாட் பயாப்ஸியை 1973-இல் கிறிஸ்டோபர் வில்லியம்ஸ் எழுதி அறிமுகப்படுத்தினார். ஒரே பிடியில் திசுவும் கிடைக்கும், மிச்சமும் எரிந்துவிடும் என்பது எண்ணம். அடி வெளுத்துக் கூம்பாக நிற்பதற்கு ‘ஃபூஜி மலை’ என்றுகூடப் பெயர் உண்டு. மேலே வெளுப்பது கண்ணுக்குத் தெரிகிறது. கீழே எவ்வளவு ஆழம் வெந்தது என்பது யாருக்கும் தெரியாது. சீக்கத்தில் (பெருங்குடல் தொடங்குகிற இடம்) குடல் சுவர் மொத்தமே சில மி.மீ. தடிமன்தான். அங்கே இரண்டு விநாடி கூடுதலாகப் பெடலை மிதித்தால் சூடு தசை வரை போகும்.

அதோடு எடுத்த திசு கருகியிருக்கும். பேத்தாலஜிஸ்ட் அதை அடினோமா (நாளடைவில் கேன்சராகக் கூடியது) என்பதா ஹைப்பர்பிளாஸ்டிக் (பெரும்பாலும் தீங்கில்லாதது) என்பதா என்று திணறுவார். எரிந்துவிட்டது என்று நாம் நம்புகிற ஓரத்தில் பாலிப் மிச்சம் நிற்கும். ஐரோப்பிய எண்டோஸ்கோப்பி சங்கம் 2017-இலும், அமெரிக்காவில் பல சங்கங்கள் சேர்ந்த குழு 2020-இலும் ‘வேண்டாம்’ என்று எழுதிவிட்டன. 5 மி.மீ. வரையும், 6 முதல் 9 மி.மீ. வரையும், தட்டையாக உட்கார்ந்திருக்கிற பாலிப்புக்கு முதல் தேர்வு கோல்ட் ஸ்நேர்.

ரத்த விஷயம். கோல்ட் ஸ்நேரில் அறுத்த உடனே கசியும். அதைப் பார்த்துத்தான் பலர் பயப்படுகிறார்கள். கம்பி மேல்மட்டத்தோடு அறுக்கிறது, அங்கே உள்ள ரத்தக் குழாய்கள் பொடி. சுருங்கி, ஓரிரு நிமிடத்தில் தானாக நின்றுவிடும். சூட்டில் நடப்பது வேறு. அந்த நேரத்துக்குக் குழாய் அடைபடும், மேசையில் ஒரு சொட்டு வராது. வெந்த திசு ஐந்து நாள், பத்து நாள் கழித்து உதிரும்போது அடியில் இருக்கிற பெரிய குழாய் திறந்துகொள்ளும்.

தைவானில் 4 முதல் 10 மி.மீ. பாலிப் உள்ள 4270 பேரை இரண்டாகப் பிரித்துச் செய்த ஆய்வு 2023-இல் வெளிவந்தது. பிந்தைய ரத்தக்கசிவு கோல்ட் ஸ்நேரில் 0.4%, கரண்ட் கொடுத்து அறுக்கிற ஹாட் ஸ்நேரில் 1.5%. கடுமையான கசிவு கோல்டில் ஒருவர், ஹாட்டில் எட்டுப் பேர்.

நம் பக்கத்தில் இந்த வித்தியாசத்துக்கு எடை கூடுதல். தஞ்சாவூரில் பாலிப் எடுத்துக்கொண்டு வேதாரண்யம் போகிறவருக்கு ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். மேசையில் கசிகிற ரத்தம் நம் கண் முன்னால் கசிகிறது. கசிவைக் கவ்வி நிறுத்துகிற கிளிப் கையில் இருக்கிறது. எட்டாம் நாள் ராத்திரி வீட்டில் கசிந்தால் அவருக்கு என்ன இருக்கிறது?

தஞ்சை_குடல்
10 ஜூன், காலை 6.55

3 மி.மீ. கேள்விக்குப் பதில் விட்டுப்போனது. 1, 2 மி.மீ. அளவுக்கு, அதுவும் மடிப்புக்குப் பின்னால் ஸ்நேர் உட்கார மறுக்கிற இடத்தில், கோல்ட் ஃபோர்செப்ஸ் (கரண்ட் இல்லாத கவ்வி) எடுக்கலாம். ஜம்போ ஃபோர்செப்ஸ் இருந்தால் அதுதான் நல்லது. வாய் அகலம், ஒரே கடியில் முழுதும் வரும். 3 மி.மீ. என்பது எல்லைக்கோடு. அதற்கு மேல் ஃபோர்செப்ஸ் போதாது. முதல் கடியில் பாதி வரும், ரத்தம் மறைக்கும், இரண்டாவது கடி குருட்டாம்போக்கில் விழும். எடுத்துவிட்டோம் என்ற நினைப்பில் ரிப்போர்ட் போகும்.

அளவைக் கண்ணால் மதிப்பிடுவதில் எல்லோருக்கும் கை முன்னே பின்னே இருக்கும். பக்கத்தில் எதையாவது வைத்துப் பார்க்க வேண்டும். சாதாரண பயாப்ஸி ஃபோர்செப்ஸ் முழுக்க வாய் திறந்தால் ஏழு எட்டு மி.மீ. 10 மி.மீ. ஸ்நேர் முழுக்க விரிந்தால் அதன் அகலம் பாக்கெட்டிலேயே அச்சாகியிருக்கும்.

குடந்தை_சிஸ்டர்
10 ஜூன், மதியம் 2.20

சார், எங்கள் டாக்டர் ‘தூக்காதீங்க, தூக்காதீங்க’ என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். ஹாட் ஸ்நேரில் தூக்கத்தானே சொல்வார்கள்? எது சரி? வரிசையாகச் சொன்னால் எழுதி ரூமில் ஒட்டிவைப்பேன்.

தஞ்சை_குடல்
10 ஜூன், இரவு 9.30

இரண்டும் சரி சிஸ்டர். ஹாட்டில் பிடித்ததை லூமன் (குடலின் உள்வெளி) பக்கம் தூக்குவது, சூடு சுவருக்குப் பரவாமல் இருக்க. கோல்டில் சூடே இல்லை. தூக்கினால் சப்மியூக்கோசாவும் (உட்தோலுக்கு அடியில் உள்ள அடுக்கு) சேர்ந்து கம்பிக்குள் வரும், அறுபடாமல் சிக்கிக்கொள்ளும், சுற்றி ஓரமும் குறையும். அரிவாள் தரையோடு ஒட்டி அறுப்பது போல கம்பி படுத்தபடியே அறுக்க வேண்டும்.

வரிசை:

முதலில் ஸ்கோப்பில் லூப் (குடலுக்குள் ஸ்கோப் சுருண்ட வளைவு) இருந்தால் எடுத்து நேராக்குங்கள். லூப்போடு இருந்தால் நுனி சொன்ன பேச்சைக் கேட்காது. பிறகு பாலிப்பை 5, 6 மணி திசைக்குக் கொண்டுவாருங்கள். கருவி வெளியே வருகிற வாய் அந்தப் பக்கம் இருப்பதால் அங்கே வந்தால்தான் ஸ்நேர் நேராக உட்காரும். 11 மணியில் இருக்கிற பாலிப்போடு மல்லுக்கட்டுவதில்தான் பாதி நேரம் போகிறது. ஸ்கோப்பைச் சுழற்றுங்கள், முடியாவிட்டால் நோயாளியைத் திருப்பிப் படுக்கவையுங்கள்.

கழுவுங்கள். என்பிஐ (ரத்தக் குழாய்களை எடுத்துக்காட்டும் ஸ்கோப் ஒளி) போட்டு விளிம்பைப் பாருங்கள்.

ஸ்நேரின் உறையை (கம்பி ஓடுகிற மெல்லிய குழாய்) ஒரு சென்டிமீட்டர் வெளியே நீட்டி, கம்பி லூப்பைப் பாலிப்புக்கு அப்பால் விரித்து, மேலே படுக்க வையுங்கள். உறையின் நுனி பாலிப்பின் இந்தப்பக்க ஓரத்துக்கு ஒன்றிரண்டு மி.மீ. முன்னால். நுனியைக் கீழே அழுத்திக்கொண்டு காற்றைக் கொஞ்சம் உறிஞ்சுங்கள். சுவர் தளர்ந்து மியூக்கோசா (குடலின் உட்தோல்) லூப்புக்குள் எழும்பி வரும். இந்த உறிஞ்சலை விட்டால் கம்பி வழுக்கி மேலே ஏறும்.

சுற்றிலும் 1, 2 மி.மீ. நல்ல மியூக்கோசா உள்ளே இருக்கிறதா? அந்தப்பக்க ஓரம்தான் பெரும்பாலும் விட்டுப்போகும், அது கண்ணுக்கு மறைவு.

மூடும்போது லூப் தானாக உறையை நோக்கிப் பின்னுக்கு வரும். அதை ஈடுகட்ட டாக்டர் உறையை மெல்ல முன்னுக்குத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், நீங்கள் ஒரே சீராக மூடிக்கொண்டே வர வேண்டும். இந்த இரண்டு கையும் சேர்ந்து ஓடினால்தான் ஓரம் கிடைக்கும். அறுந்தவுடன் பாலிப் அங்கேயே கிடக்கும். உறிஞ்சி எடுத்துவிட்டு, வெட்டிய குழியில் வாட்டர் ஜெட் அடியுங்கள். தண்ணீர் சப்மியூக்கோசாவுக்குள் இறங்கிக் குழி விரியும். ஓரம் நன்றாகத் தெரியும், கசிவையும் அதுவே அமுக்கும். ஓரத்தில் மிச்சம் தெரிந்தால் அப்போதே அதே ஸ்நேரால் எடுத்துவிடுங்கள்.

ஆரூர்_டெக்
10 ஜூன், இரவு 11.05

கைப்பிடி பக்கம் நிற்கிறவர்களுக்கு. உத்தரவுச் சொற்களை முன்கூட்டியே பேசி வையுங்கள். ‘குளோஸ்’ என்றால் கம்பி திசுவைத் தொட்டு இறுகும்வரை. ‘கட்’ என்றால் முழுக்க. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்து ஒரே இழுப்பில் மூடுகிறவர்கள் உண்டு. டாக்டர் ஓரத்தைப் பார்க்கும் முன்னாலேயே பாலிப் அறுந்திருக்கும்.

சேனலுக்குள் (ஸ்கோப்பில் கருவி போகும் துளை) விடும் முன் வெளியே ஒரு முறை திறந்து மூடிப் பார்க்க வேண்டும். லூப் ஒரு பக்கம் சாய்ந்து திறந்தால் உள்ளேயும் அப்படித்தான் திறக்கும். உறையை இறுக்கிச் சுருட்டிப் பிடிக்காதீர்கள். வளைவு கூடினால் கை இழுக்கிற விசை நுனிக்குப் போகாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒரு முறைக்கு என்று எழுதியிருக்கிற ஸ்நேரை ஈடிஓ (கிருமி நீக்கும் எத்திலீன் ஆக்ஸைடு வாயு) போட்டுத் திரும்பத் திரும்ப எடுக்கிற பழக்கம். கோல்ட் ஸ்நேரின் கம்பி 0.3 மி.மீ. கனம்தான். ஒரு பாலிப்பில் முறுகினாலே வடிவம் போய்விடும். வடிவம் போன கம்பி அறுக்காது, நசுக்கும். உறைக்குள்ளே காய்ந்த ரத்தத்தை எந்த ஈடிஓவும் கழுவாது. ‘கோல்ட் ஸ்நேர் அறுக்க மாட்டேங்குது’ என்ற புகாரில் பாதி இங்கேதான் ஆரம்பிக்கிறது.

எண்டோ_மன்னை
11 ஜூன், காலை 7.40

நன்றி. அப்படியானால் சாதாரண ஹாட் ஸ்நேரையே கரண்ட் கொடுக்காமல் பயன்படுத்தினால்? அது எங்களிடம் நிறைய இருக்கிறது.

தஞ்சை_குடல்
11 ஜூன், இரவு 10.15

4, 5 மி.மீ.க்கு ஓடும். அதன் கம்பி தடிமன், ஆகவே வெட்டு மொண்ணை. 8, 9 மி.மீ. வரும்போது வித்தியாசம் நன்றாகத் தெரியும்: மெல்லிய கம்பி சுத்தமாக அறுக்கிற இடத்தில் தடித்த கம்பி சிக்கும். லூப்பும் 9, 10 மி.மீ. அளவு இருந்தால் கட்டுப்பாடு வரும். 25 மி.மீ. லூப்பை 5 மி.மீ. பாலிப்பைச் சுற்றி வைத்தால் எங்கே மூடுகிறது என்றே தெரியாது.

சிக்கிக்கொண்டால் என்ன செய்வது என்பதையும் எழுதிவிடுகிறேன். எல்லோரும் தடுமாறுகிற இடம் அது.

கம்பி மூடிவிட்டது, கைப்பிடி இறுகி நிற்கிறது, அறுபடவில்லை. முதலில் பத்து விநாடி அழுத்தம் விடாமல் காத்திருங்கள். நிறைய அதிலேயே அறுந்துவிடும். உறை நேராக இருக்கிறதா பாருங்கள். அப்படியும் இல்லையென்றால், தேவைக்கு மேல் திசு உள்ளே வந்திருக்கிறது என்று அர்த்தம். கைப்பிடியைச் சற்றே தளர்த்தி, இப்போது லேசாக லூமன் பக்கம் தூக்கி, ஆழத்தில் மாட்டியது நழுவ இடம் கொடுத்து, மறுபடி மூடுங்கள். நேற்று ‘தூக்காதே’ என்று எழுதியதற்கு இது ஒன்றுதான் விலக்கு. இன்னும் அறுபடவில்லையா, முழுக்கத் திறந்து விட்டுவிட்டுச் சிறு ஓரத்தோடு மறுபடி பிடியுங்கள்.

செய்யக்கூடாதது: சிக்கின நிலையிலேயே பெடலை மிதித்துக் கரண்டால் அறுப்பது. உள்ளே தசை மாட்டியிருந்தால் அது ஓட்டையில் முடியும். கையால் வெடுக்கென்று பிடுங்குவதும் அதே கதைதான்.

குடந்தை_சிஸ்டர்
12 ஜூன், மதியம் 1.50

வெட்டிய குழி நடுவில் சில சமயம் வெள்ளையாக ஒரு முண்டு எழுந்து நிற்கிறது. பாலிப் மிச்சமா? ஒரு டாக்டர் அதையும் பிடுங்கினார், இன்னொருவர் விட்டுவிட்டார்.

தஞ்சை_குடல்
12 ஜூன், இரவு 8.45

விட்டவர் செய்தது சரி. அது பெரும்பாலும் சப்மியூக்கோசாவும் அறுபடாமல் நின்ற மெல்லிய தசைப் படலமும்தான். கம்பி இறுக்கியதில் மேலே இழுபட்டு நிற்கும்; பெரிய பாலிப்பிலும், அறுபடத் தாமதமான பாலிப்பிலும் அதிகம் வரும். வழவழவென்று வெள்ளையாக, மேலே பாலிப்புக்குரிய பொடிக் குழிகளின் கோலம் இல்லாமல் இருந்தால் கை வைக்க வேண்டாம். ஓரத்தில், பாலிப்பின் அதே நிறத்தோடும் அதே மேற்பரப்புக் கோலத்தோடும் தெரிவதுதான் மிச்சம். என்பிஐ போட்டால் குழப்பமே வராது.

கசிவு இரண்டு மூன்று நிமிடம் தாண்டியும் ஓடினால், அல்லது துடித்துப் பீய்ச்சினால் கிளிப். ஒவ்வொரு சின்னப் பாலிப்புக்கும் முன்னெச்சரிக்கையாகக் கிளிப் போடுவது நோயாளியின் பணத்தை வீணாக்குவது.

ஆரூர்_டெக்
12 ஜூன், இரவு 9.20

அறுத்தது கிடைக்காமல் போவதைப் பற்றி யாரும் பேசவில்லை. கோல்டில் பாலிப் கம்பியில் ஒட்டிக்கொண்டு வராது. நாலு பாலிப் அறுத்துவிட்டு மூன்றைக் கண்டுபிடிக்கிற நாள் எல்லா மையத்திலும் உண்டு.

அறுத்தவுடன் ஸ்நேரை முழுக்க உருவி எடுங்கள். அது சேனலில் பாதி வழியில் நின்றால் உறிஞ்சல் வராது. பாலிப்பைச் சேனல் வாய்க்கு எதிரே, தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சுங்கள். காய்ந்த பாலிப் ஒட்டும், ஈரப் பாலிப் வழுக்கி வரும். ட்ராப் (உறிஞ்சிய துண்டைப் பிடித்துவைக்கும் டப்பா) இல்லாத இடத்தில் உறிஞ்சு குழாயைக் கழற்றி நடுவில் காஸ் துணி ஒரு மடிப்பு வைத்து மாட்டினால் அதில் தங்கும். ட்ராப்பில் வரவில்லை என்றால் பெரும்பாலும் உறிஞ்சு பட்டன் அடியில் சிக்கியிருக்கும். பட்டனை எடுத்துப் பாருங்கள், பிறகு பயாப்ஸி வாய் வழியாகச் சிரிஞ்சில் தண்ணீர் தள்ளிக்கொண்டே உறிஞ்சுங்கள்.

எட்டு, ஒன்பது மி.மீ. துண்டு சேனலில் வரும்போது உடைந்து துகளாகும். ஓரம் சுத்தமா என்று பேத்தாலஜிஸ்ட் பிறகு சொல்ல முடியாது. அதற்குப் பட்டனைக் கழற்றிவிட்டு அந்தத் துளையைக் கைவிரலால் மூடித் திறந்து மெதுவாக உறிஞ்சினால் உடைவது குறைவு.

நாகை_சர்ஜன்
13 ஜூன், காலை 6.30

எல்லாவற்றையும் கோல்டில் எடுத்துவிடலாம் என்ற தொனி எனக்குச் சம்மதமில்லை. கோல்ட் ஸ்நேர் வெட்டு மேலோட்டமானது. பல மாதிரிகளில் சப்மியூக்கோசாவே இருக்காது. உள்ளே கேன்சர் இருந்தால் ஆழம் எவ்வளவு என்று எதைப் பார்த்துச் சொல்வீர்கள்?

தஞ்சை_குடல்
13 ஜூன், இரவு 9.55

சர்ஜன் சார் தொட்டது முக்கியமான இடம். மேலே நான் எழுதியதற்கு வரம்பு போட்டே ஆகவேண்டும்.

கம்பியை எடுக்கும் முன் பார்வை. என்பிஐயில் நைஸ் வகைப்பாடு மூன்று. முதல் வகை: சுற்றியுள்ள நிறமே அல்லது அதைவிட வெளிர், குழாய்கள் அநேகமாகத் தெரியாது. ஹைப்பர்பிளாஸ்டிக். இரண்டாம் வகை: பழுப்பு, வெள்ளைக் கோடுகளைச் சுற்றித் தடித்த பழுப்புக் குழாய்கள், மேலே நீள்வட்டமாக, குழலாக, கிளையாக ஒரு கோலம். அடினோமா. மூன்றாம் வகை: கரும்பழுப்பு, கோலம் சிதைந்து அல்லது அழிந்துபோய், குழாய்கள் ஒழுங்கில்லாமல் அறுந்து. ஆழமாக இறங்கிய கேன்சர். மூன்றாம் வகையில் ஸ்நேரே கூடாது. பயாப்ஸி, இடத்தை அடையாளம் காட்ட மையால் பச்சை குத்தல், அடுத்து சர்ஜன்.

இரண்டாம் வகையிலும் நடுவில் பள்ளம், தொட்டால் கல் மாதிரி இறுக்கம், மடிப்புகள் ஒரு புள்ளியில் குவிவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் 7 மி.மீ. தானே என்று கோல்டில் அறுக்காதீர்கள். சப்மியூக்கோசாவோடு சேர்த்து ஒரே துண்டாக எடுக்கிற முறை வேண்டும்.

மற்றபடி 9 மி.மீ.க்கு உட்பட்ட சாதாரண அடினோமாவுக்கு மேலோட்டமான வெட்டே போதும். முழுமையில் ஹாட்டுக்குக் குறைச்சல் இல்லை: 4 முதல் 9 மி.மீ. வரை ஜப்பானில் ஒப்பிட்ட ஆய்வில், 2018-இல் வந்தது, முழுதாக எடுத்த விகிதம் கோல்டில் 98.2%, ஹாட்டில் 97.4%. முழுதாக வராததற்குக் கரண்ட் இல்லாதது காரணமில்லை, ஓரம் விடாததுதான் காரணம். 2013-இல் அமெரிக்காவில் வந்த ஆய்வில், 5 முதல் 20 மி.மீ. வரையிலான பாலிப்புகளில் 10.1% மிச்சத்தோடு விடப்பட்டிருந்தன. ஒரு டாக்டருக்கு 6.5%, இன்னொருவருக்கு 22.7% என்று கைக்குக் கை மாறியது. அதுவும் கரண்டோடு எடுத்தவை.

காம்புள்ள பாலிப் தனிக் கணக்கு. தலை 10 மி.மீ.க்கு மேல் என்றால் ஹாட் ஸ்நேர், காம்பின் நடுவில். தலை 20 மி.மீ. அல்லது காம்பின் தடிமன் 10 மி.மீ. எட்டினால் முதலில் காம்பில் 1:10,000 அட்ரினலின் ஊசி, அல்லது கிளிப், காம்பை இறுக்கிக் கட்டும் லூப். சின்னத் தலை, மெல்லிய காம்பு என்றால் கோல்ட் போதும்; ஆனால் தட்டைப் பாலிப்பைவிட அந்த நிமிடக் கசிவு கூடுதல். கிளிப்பை மேசையில் வைத்துக்கொண்டு அறுங்கள்.

நாகை_சர்ஜன்
14 ஜூன், காலை 6.10

இப்போது சரி. வலது பக்கத்தில் மேகம் மாதிரி மங்கலாக, மேலே மஞ்சள் சளி ஒட்டிக்கொண்டு வருகிற செரேட்டட் வகையையும் (மைக்ரோஸ்கோப்பில் ரம்பப் பல் போலத் தெரியும் பாலிப்) சேர்த்துவிடுங்கள். ஓரம் எங்கே முடிகிறது என்றே தெரியாது.

தஞ்சை_குடல்
14 ஜூன், இரவு 10.30

ஆம். நீங்கள் சொல்வதற்கு அதே 2013 ஆய்விலேயே சாட்சி இருக்கிறது: செரேட்டட் வகையில் மிச்சம் 31%. முதலில் சளியைக் கழுவுங்கள், பிறகு என்பிஐ. அப்படியும் ஓரம் பிடிபடாவிட்டால் சலைனில் துளி மெத்திலீன் ப்ளூ அல்லது இண்டிகோ கார்மைன் கலந்து அடியில் ஊசி போட்டால், நீலத்தின் மேல் பாலிப் வெளிறித் தனியாகத் தெரியும். பெரிதாக இருந்தால் கோல்ட் ஸ்நேராலேயே துண்டு துண்டாக, ஒரு துண்டின் மேல் அடுத்தது சற்று ஏறும்படி எடுக்கலாம். இடையில் தீவு விடக்கூடாது.

குடந்தை_சிஸ்டர்
16 ஜூன், இரவு 8.05

இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் சாப்பிடுகிறவர்கள், ஸ்டென்ட் வைத்து க்ளோபிடோக்ரெல் சாப்பிடுகிறவர்கள் நிறைய வருகிறார்கள். சிலர் தாங்களாகவே மாத்திரையை நிறுத்திவிட்டு வந்து ‘நிறுத்திட்டேன் சிஸ்டர், இன்னைக்கே எடுத்துடுங்க’ என்கிறார்கள்.

தஞ்சை_குடல்
16 ஜூன், இரவு 10.50

அவர்களாக நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து. பாலிப்பில் கசியும் ரத்தத்தைக் கிளிப்பால் நிறுத்தலாம். வால்வில் கட்டி உறைந்தாலோ ஸ்டென்ட் அடைத்தாலோ நம்மால் ஆவது ஒன்றுமில்லை. நாள் குறிக்கும் சீட்டிலேயே ‘இதய டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது’ என்று பெரிதாக எழுதிக் கொடுங்கள்.

ஆஸ்பிரினை நிறுத்த வேண்டியதே இல்லை. பிரிட்டிஷ், ஐரோப்பியச் சங்கங்களின் 2021 வழிகாட்டி பாலிப் எடுப்பதை ரத்தக்கசிவு அபாயம் கூடுதலான வேலையில் சேர்த்து, க்ளோபிடோக்ரெலை 7 நாள், வார்ஃபரின் வகையை 5 நாள், ரத்தம் உறையாமல் தடுக்கும் புது வகை மாத்திரைகளைக் கடைசி டோஸிலிருந்து 3 நாள் நிறுத்தச் சொல்கிறது. அதுவும் இதயப் பக்கம் அபாயம் குறைந்தவர்களுக்கு மட்டும். உலோக மைட்ரல் வால்வு உள்ளவர், அண்மையில் ஸ்டென்ட் வைத்தவர் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

கோல்ட் ஸ்நேர் இங்கேயும் கைகொடுக்கிறது. ஜப்பானில் 2019-இல் வெளியிட்டார்கள்: வார்ஃபரின் வகை அல்லது புது வகை மாத்திரையை நிறுத்தாமல் கோல்டில் எடுத்தவர்களில் பெரிய கசிவு 4.7%; நிறுத்தி, இடைக்காலத்துக்கு ஹெப்பாரின் போட்டு ஹாட்டில் எடுத்தவர்களில் 12.0%. ஹெப்பாரின் பாலம் பாதுகாப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும்.

ஆரூர்_டெக்
18 ஜூன், இரவு 9.00

குடல் சுத்தம் சரியில்லாமல் இந்த வித்தையெல்லாம் பேசிப் பயனில்லை. கீரையும் வாழைப்பூவும் நாரோடு வந்து சேனலை அடைக்கும். எள்ளும் கொய்யா விதையும் சீக்கத்தில் குவியும். மூன்று நாளைக்குக் கீரை, வாழைத்தண்டு, வாழைப்பூ, விதையுள்ள பழம், எள், முழுப்பயறு வேண்டாம். இட்லி, குழைந்த சாதம், ரசத்தெளிவு, மீன் சாப்பிடட்டும். இரும்புச்சத்து மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்ல வேண்டும். கருப்பாகத் தார் மாதிரி ஒட்டும், எந்த ஜெட்டுக்கும் போகாது. முந்தின நாள் வடிகட்டிய கஞ்சித்தண்ணி, இளநீர், பால் விடாத காபி. கிட்னி கோளாறு உள்ளவருக்கு இளநீர் வேண்டாம், பொட்டாசியம் ஏறும். சிவப்பு நிறச் சர்பத்தும் வெற்றிலைப் பாக்கும் வேண்டாம், உள்ளே ரத்தம் மாதிரி தெரியும்.

மருந்துத் தண்ணீரைப் பாதி முந்தின ராத்திரி, பாதி அன்று காலை. முழுதையும் முந்தின மாலையே குடித்துவிட்டு வந்தால் வலது பக்கம் பித்தநீரும் சளியுமாகப் படிந்திருக்கும். தட்டைப் பாலிப் எல்லாம் அதற்கு அடியில்தான் ஒளியும்.

தஞ்சை_குடல்
18 ஜூன், இரவு 10.20

இதோடு ஒட்டிய ஆபத்து ஒன்று. மன்னிட்டால் குடிக்க வைத்துச் சுத்தம் செய்கிற இடங்கள் இன்னும் உண்டு. குடல் கிருமிகள் அதைப் புளிக்க வைத்து ஹைட்ரஜனும் மீத்தேனும் உண்டாக்கும். காற்று ஊதும்போது ஆக்ஸிஜன் சேர்கிறது, கரண்ட் கொடுக்கும் டயதெர்மி பொறி கொடுக்கிறது. குடல் உள்ளேயே வெடித்து இறந்தவர்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறார்கள். மன்னிட்டால் கொடுத்த குடலிலும், எனிமா மட்டும் வைத்துப் பார்க்கிற குடலிலும் கரண்டைத் தொடவே கூடாது. கோல்ட் ஸ்நேரில் பொறி இல்லை. ஊதுவதற்குக் கார்பன் டை ஆக்ஸைடு இருந்தால் வெடிக்கிற பயமும் குறையும், வயிற்று உப்பசமும் சீக்கிரம் தணியும்.

எண்டோ_மன்னை
21 ஜூன், இரவு 8.30

மேட்டூர் திறந்தாச்சு, குறுவை நடவு நேரம். ‘பாலிப் எடுத்தால் எத்தனை நாள் வயலில் இறங்கக் கூடாது?’ என்று எல்லோரும் கேட்கிறார்கள். நடவு முடியட்டும் என்று நாளைத் தள்ளிப்போடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

தஞ்சை_குடல்
21 ஜூன், இரவு 11.10

கோல்டில் சின்னதாக ஒன்றிரண்டு எடுத்திருந்தால், மயக்க மருந்து தெளிய அன்று ஒரு நாள். மறுநாள் வயலுக்குப் போகலாம். ஹாட்டில் பெரிதாக எடுத்திருந்தால் ஒன்றிரண்டு வாரம் மூட்டை தூக்குவதும் நீண்ட பயணமும் வேண்டாம்.

வீட்டுக்குப் போகும் சீட்டில் இதை எழுதுங்கள்: முதல் இரண்டு மலத்தில் சிவப்புக் கோடு, சிறு துளி பரவாயில்லை. ரத்தம் கட்டியாகப் போவது, கைப்பிடி அளவுக்கு மேல் போவது, தலைசுற்றல், வயிறு கல்லாக இறுகி வலி, காய்ச்சல், இவற்றில் எது வந்தாலும் உடனே வர வேண்டும். ஹாட் என்றால் இரண்டு வாரம் வரை கவனம். மையத்தின் எண்ணோடு, ராத்திரியில் போய்ச் சேரக்கூடிய பக்கத்து அரசு மருத்துவமனையின் பெயரையும் எழுதுங்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினத்தில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. எது எடுத்தோம், எப்படி எடுத்தோம் என்று ஒரு வரி இருந்தால் அங்கே டூட்டியில் இருக்கிற டாக்டருக்கு நேரம் மிச்சம்.

நாளைத் தள்ளுவது பற்றி: 5 மி.மீ. அடினோமா ஒரு நடவுக்குள் கேன்சர் ஆகாது, வருஷக்கணக்கு விஷயம். ஆனால் ரத்தப்போக்கு, எடைக்குறைவு, சோகை என்று வருகிறவர் தள்ளக்கூடாது. அவருக்கு உள்ளே இருப்பது சின்ன பாலிப்பா என்பது பார்த்தால்தான் தெரியும்.

நாகை_சர்ஜன்
22 ஜூன், காலை 6.20

மலக்குடலில் வெளிறிய 2, 3 மி.மீ. மொட்டுகள் ஏழெட்டு இருக்கும். அத்தனையையும் அறுக்கிறீர்களா?

தஞ்சை_குடல்
22 ஜூன், மாலை 4.00

இல்லை. மலக்குடல், அதற்கு அடுத்து மேலே உள்ள சிக்மாய்டில் 5 மி.மீ.க்கு உட்பட்டு, நைஸ் முதல் வகை என்று உறுதியாகத் தெரிந்தால் விட்டுவிடலாம். படம் எடுத்து வைக்க வேண்டும். உறுதி இல்லையென்றால் எடுத்துவிடுவது நல்லது. வலது பக்கத்தில் அதே தோற்றம் இருந்தால் விடக்கூடாது, செரேட்டட் வகையாக இருக்கலாம்.

இன்னொன்று: உள்ளே போகும்போது பார்த்த சின்ன பாலிப்பைத் ‘திரும்பும்போது எடுக்கலாம்’ என்று விட்டால் அது கிடைக்காது. மடிப்பு மாறிவிடும். 4, 5 மி.மீ. என்றால் பார்த்த இடத்திலேயே கோல்டில் எடுத்துவிட்டு மேலே போங்கள்.

குடந்தை_சிஸ்டர்
24 ஜூன், மதியம் 2.15

பேத்தாலஜி ரிப்போர்ட் வந்ததும் ‘அடுத்து எப்போ?’ என்று கேட்கிறார்கள்.

தஞ்சை_குடல்
24 ஜூன், இரவு 9.40

ஐரோப்பிய 2020 கணக்கு எளிது. 10 மி.மீ.க்குக் குறைவான, கடும் மாற்றம் (கேன்சரை நெருங்கிய செல் மாற்றம்) இல்லாத அடினோமா நான்கு வரை என்றால் தனிக் கண்காணிப்பு வேண்டாம். பத்து வருஷம் கழித்துச் சாதாரணப் பரிசோதனை. ஐந்தோ அதற்கு மேலோ, அல்லது ஒன்று 10 மி.மீ. அல்லது அதற்கு மேல், அல்லது கடும் மாற்றம், அல்லது 10 மி.மீ.யோ அதற்கு மேலோ உள்ள செரேட்டட் என்றால் 3 வருஷம். அமெரிக்கக் கணக்கு சற்று நெருக்கம்: ஒன்றிரண்டுக்கு 7 முதல் 10 வருஷம், மூன்று நான்குக்கு 3 முதல் 5.

குடல் சுத்தமாக இருந்து, சீக்கம் வரை போய், எல்லாம் முழுதாக எடுத்திருந்தால்தான் இந்தக் கணக்கு. 20 மி.மீ. அல்லது அதற்கு மேலான பாலிப்பைத் துண்டு துண்டாக எடுத்திருந்தால் 3 முதல் 6 மாதத்தில் அதே இடத்தைப் பார்க்க வேண்டும். ‘எதற்கும் வருஷா வருஷம் வாங்க’ என்று சொல்வது, தேவைப்படுகிற இன்னொருவரின் இடத்தை எடுத்துக்கொள்வது.

ஆரூர்_டெக்
25 ஜூன், இரவு 8.50

புட்டி பற்றி நான் முடிக்கிறேன். 10% ஃபார்மலின், திசுவைப் போல பத்து மடங்கு அளவு. குடலின் ஒவ்வொரு பகுதிக்கும் தனிப் புட்டி. சீக்கத்து பாலிப்பும் சிக்மாய்டு பாலிப்பும் ஒரே புட்டியில் போனால் ரிப்போர்ட்டில் ஒன்று அடினோமா என்று வரும், எது என்று தெரியாது. 3 மி.மீ. துண்டு மூடியின் உட்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும், போட்டபின் ஆட்டிப் பார்த்து மூழ்கியதா என்று கவனியுங்கள். பெயரை மூடியில் எழுதாதீர்கள், லேபில் மூடிகள் கழன்று மாறும். புட்டியின் உடம்பில், பென்சிலால். ஃபார்மலின் கசிந்தால் பேனா மை கரைந்துவிடும். பஸ் பார்சலில் வெளியூர் லேபுக்குப் போவதென்றால் மூடியைச் சுற்றி டேப், பிறகு தனித்தனி பிளாஸ்டிக் பை. சீட்டு பைக்கு வெளியே.